நூற்றுக்கு எவ்வளவு, எத்தனை நாளைக்கு?



பள்ளிக்கூடங்கள் திறந்துவிட்டன. ஃபீஸ், யூனிஃபார்ம், நோட்டுப் புத்தகம், வேன் பணம் என்று செலவு வரிசையில் நிற்கும் மாதம் இது. பெங்களூரில் அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் ஈஜிபுராவிலும் நம்மவர் வீட்டு நகை பீரோவை விட்டு வெளியே வருவதும், வட்டிக்கு யார் கொடுப்பார்கள் என்ற விசாரிப்பு தொடங்குவதும் இப்போதுதான். பிள்ளையின் படிப்புக்காகக் கடன் வாங்குவதில் தலைகுனிய ஒன்றுமில்லை. ஆனால் வாங்கும் கடனுக்கு ஆண்டுக்கு எவ்வளவு வட்டி என்று தெரியாமலே கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறோம். என் மனதை அரிப்பது அதுதான்.

இந்தப் பக்கத்தை எழுத வைத்தது ஒரு மாணவியின் கடிதம். பி.யூ. படிக்கிறார். அம்மா கே.ஆர். மார்க்கெட்டில் பூ எடுத்துத் தெருவில் கட்டி விற்கிறவர். கடிதத்தோடு அம்மாவின் தண்டல் அட்டையையும் நகலெடுத்து அனுப்பியிருந்தார். உள்ளங்கை அகல அட்டை. மேலே 10,000 என்று ஒரு எண். கீழே நூறு கட்டங்கள். பணம் கட்டிய நாட்களில் வசூல்காரரின் கிறுக்கல் கையெழுத்து. கட்ட முடியாமல் போன நாளுக்கு அடுத்த நாள் இரண்டு கட்டத்துக்கும் சேர்த்து ஒரே கோடு. வட்டி என்ற சொல் அட்டையில் எங்கேயும் இல்லை. “தினம் நூறு, நூறு நாள், மொத்தம் பத்தாயிரம். வாங்கினதைத்தான் கட்டறோம்னு அம்மா சொல்றாங்க. ஆனா கையில கொடுத்தது எட்டாயிரத்து ஐந்நூறு. இதுக்கு வட்டி எத்தனை பர்சென்ட் சார்?”

நல்ல கேள்வி. இதற்கு வேண்டிய கணக்கு ஏழாம் வகுப்பிலேயே நமக்குச் சொல்லித் தரப்பட்டதுதான். அசலை ஆண்டு வட்டி வீதத்தால் பெருக்கு, எத்தனை ஆண்டோ அதனாலும் பெருக்கு, நூறால் வகு. ஐம்பதாயிரம் ரூபாய், 12 சதவீதம், இரண்டு ஆண்டு என்றால் வட்டி 12,000. காலம் மாதத்தில் இருந்தால் நூறுக்குப் பதில் 1,200ஆல் வகுக்க வேண்டும். நாளில் இருந்தால் 36,500ஆல். தனிவட்டி என்பது இவ்வளவுதான். பரீட்சைத் தாளில் அசல், வீதம், காலம் மூன்றையும் கேள்வியே சொல்லிவிடும். வெளியில் கடன் கொடுக்கிறவர் அந்த மூன்றில் ஒன்றையாவது மறைத்துத்தான் சொல்கிறார். அதனால்தான் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்கூட வட்டிக் கடையில் தடுமாறுகிறார்.

அந்தத் தண்டல் அட்டையில் மறைந்திருப்பது அசல். அம்மா வாங்கிய கடன் 8,500. அட்டையில் எழுதியிருப்பதை மறந்துவிடலாம்; கைக்கு வந்த பணம் எதுவோ அதுதான் அசல். திருப்பிக் கட்டுவது 10,000. ஆகவே வட்டி 1,500. முழு 8,500ஐயும் நூறு நாள் வைத்திருந்து கடைசி நாளில் ஒரே தவணையாகத் திருப்பியிருந்தால், நூற்றுக்கு 17 ரூபாய் 65 காசு, அதுவும் நூறு நாளுக்கு. ஆண்டுக்கு மாற்றினால் 64 சதவீதம் தாண்டுகிறது. இதுவே கொடுமை. ஆனால் அம்மா முதல் நாளிலிருந்தே நூறு நூறாகத் திருப்பிக் கொண்டிருக்கிறார். ஐம்பதாம் நாள் மாலையில் 5,000 போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் கையில் சராசரியாக நின்ற பணம் வாங்கியதில் ஏறக்குறைய பாதிதான். பாதிப் பணத்துக்கு முழு 1,500 வட்டி என்னும்போது, உண்மையான வீதம் ஆண்டுக்கு 120 சதவீதத்துக்குக் குறையாது.

மகளே, உன் கேள்விக்குப் பதில் இதுதான். அம்மாவிடம் பக்குவமாகச் சொல். அவர் ஏமாளி என்று யாரும் நினைக்க வேண்டாம். விடியற்காலை பூ எடுக்கப் பணம் வேண்டும். எந்தக் காகிதமும் கேட்காமல் வாசலுக்கே வந்து கொடுக்கிறவர் தண்டல்காரர் ஒருவர்தான். அந்த அவசரத்துக்குத்தான் இவ்வளவு விலை.

தண்டலை விட்டு மாத வட்டிக்கு வருவோம். அங்கே மறைவது காலம். ‘ரெண்டு வட்டி’, ‘மூணு வட்டி’ என்பது நம் வாய்ப் பழக்கம். நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு, மாதம் மூன்று என்று அர்த்தம். வங்கியில் பத்து சதவீதம் என்கிறார்கள், இவர் மூன்றுதான் கேட்கிறார் என்று நிம்மதியாகச் சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். வங்கி சொல்வது ஆண்டுக் கணக்கு. இவர் சொல்வது மாதக் கணக்கு. பன்னிரண்டால் பெருக்கினால் மூன்று வட்டி 36 சதவீதம், ஐந்து வட்டி 60, பத்து வட்டி 120. இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். நூறை மாத வட்டியால் வகுத்தால், எத்தனை மாதத்தில் வட்டி மட்டுமே அசல் அளவுக்கு வரும் என்று தெரியும். இரண்டு வட்டிக்கு ஐம்பது மாதம். ஐந்து வட்டிக்கு இருபது மாதம். பத்து வட்டிக்குப் பத்தே மாதம். அத்தனையும் கட்டி முடித்த பிறகும் அசல் ஒரு ரூபாய்கூடக் குறைந்திருக்காது.

வட்டிக்கு வரம்பு போடுவது புதிதல்ல. பாபிலோனில் ஹமுராபி மன்னரின் சட்டத்தில், ஏறத்தாழ 3,700 ஆண்டுகளுக்கு முன்பே, வெள்ளிக் கடனுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு இருபதுக்கு மேல் வாங்கக் கூடாது என்று இருந்தது. சிவாஜிநகரில் சாதாரணமாகப் பேசப்படும் இரண்டு வட்டி, அதையும் தாண்டி நிற்கிறது.

நம் மாநிலத்திலும் சட்டம் இருக்கிறது. கர்நாடக லேவாதேவிக்காரர் சட்டம் 1961ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன்படி உரிமம் பெற்றவர் ஈட்டுக் கடனுக்கு ஆண்டுக்கு 14 சதவீதமும், ஈடில்லாக் கடனுக்கு 16 சதவீதமும்தான் அதிகபட்சம் வாங்கலாம் என்று அரசு வரம்பு வைத்தது. பதினாறு சதவீதம் என்றால் மாதத்துக்கு நூற்றுக்கு 1 ரூபாய் 33 காசு. ‘ரெண்டு வட்டிதான், நியாயமான ஆள்’ என்று நாம் சான்றிதழ் கொடுக்கும் மனிதரே அந்த வரம்பை மீறியவர். தமிழ்நாட்டில் 2003இல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. அதை அடுத்து 2004இல் கர்நாடகத்திலும் அதிக வட்டித் தடைச் சட்டம் வந்தது. 2025 பிப்ரவரியில், சிறு கடன் வசூலில் மிரட்டல் எல்லை மீறியபோது, கர்நாடக அரசு அவசரச் சட்டம் பிறப்பித்து அடுத்த மாதமே சட்டமன்றத்திலும் நிறைவேற்றியது. மிரட்டி வசூலித்தால் பத்து ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். சட்டம் துணை நிற்கத்தான் செய்கிறது. ஆனால் நமக்கு எத்தனை சதவீதம் போடப்பட்டிருக்கிறது என்றே தெரியாவிட்டால் எந்தக் காவல் நிலையத்தில் போய் என்னவென்று சொல்வது?

1875இல் புனே, அகமத்நகர் பக்கத்து விவசாயிகள் கூட்டமாகப் போய் வட்டிக்காரர்களின் கடன் பத்திரங்களையும் கணக்குப் புத்தகங்களையும் பிடுங்கி எரித்தார்கள். தக்காணக் கலவரம் என்று வரலாற்றில் படித்திருப்போம். அவர்களின் கோபம் பாய்ந்தது முதலில் அந்தக் காகிதங்களின் மேல்தான். அடுத்தவர் எழுதிய கணக்கில் தன் நிலம் கரைந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தவனின் கோபம் அது. இன்று நம் கையில் செல்போன் இருக்கிறது, அதில் கால்குலேட்டர் இருக்கிறது. புத்தகத்தை எரிக்க வேண்டாம், திறந்து படிக்கலாம்.

அடகுக் கடை ரசீதைப் படித்துப் பார்ப்போம். நாற்பதாயிரம் ரூபாய்க்கு நகை வைக்கிறீர்கள். மாதம் இரண்டு வட்டி. எழுபத்து மூன்றாம் நாள் மீட்கப் போகிறீர்கள். பல கடைகளில், மாதம் பிறந்து ஒரு நாள் ஆனாலும் அந்த மாதத்துக்கு முழு வட்டி. அதனால் மூன்று மாத வட்டியாக 2,400 கேட்பார்கள். நாள் கணக்கில் போட்டால் 40,000ஐ 24ஆல், பிறகு 73ஆல் பெருக்கி 36,500ஆல் வகுக்க, 1,920 வரும். நாள் கணக்குக்கும் மாதக் கணக்குக்கும் நடுவில் 480 ரூபாய் போய்விடுகிறது. அதே நகையை 12 சதவீத வட்டிக்கு நாள் கணக்குப் பார்க்கும் இடத்தில் வைத்திருந்தால் மொத்த வட்டியே 960தான். நகையை வைக்கும்போதே ‘நாள் கணக்கா, மாதக் கணக்கா?’ என்று கேளுங்கள். மாதக் கணக்குதான் என்றால், மாதம் முடிவதற்கு முந்தைய நாள் போய் மீட்கப் பாருங்கள். முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தால், கைக்கு வந்ததை மட்டும் அசலாக வைத்து வீதத்தைப் போட்டுப் பாருங்கள்.

பெரிய கடன்களில் விஷயம் இன்னும் நுட்பமாக இருக்கிறது. டூ-வீலர் வாங்கப் போனால், ‘12 பர்சென்ட்தான்’ என்பார்கள். எந்தப் பன்னிரண்டு? ஒரு லட்சம், இரண்டு ஆண்டு, ஃப்ளாட் ரேட் 12 சதவீதம் என்றால் தனிவட்டிச் சூத்திரப்படி வட்டி 24,000. மொத்தம் 1,24,000ஐ 24ஆல் வகுத்து மாதம் 5,167 ரூபாய் தவணை. சூத்திரம் சரி, பெருக்கலும் சரி. ஆனால் தவணை கட்டக் கட்ட அசல் குறைந்துகொண்டே போகிறது. வட்டி மட்டும் கடைசி மாதம் வரை முழு ஒரு லட்சத்துக்கே போடப்பட்டிருக்கிறது. நிலுவையில் இருக்கும் தொகைக்கு மட்டும் 12 சதவீதம் போட்டால் தவணை 4,707தான். மொத்த வட்டி 13,000க்குள் அடங்கும். ஃப்ளாட் ரேட் 12 என்பதை நிலுவைக் கணக்குக்கு மாற்றினால் ஏறக்குறைய 21.5 சதவீதம் ஆகிறது. இரண்டு பேர் ஒரே ‘பன்னிரண்டு’ சொல்லி 11,000 ரூபாய் வித்தியாசத்தில் கடன் கொடுக்க முடியும். எனவே ‘ஃப்ளாட்டா, ரெடியூசிங்கா?’ என்ற கேள்வியை ஷோரூமில் கூச்சப்படாமல் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

பதிவு பெற்ற நிறுவனங்களிலும் தவறு நடக்கிறது என்று சொன்னது வேறு யாருமில்லை, ரிசர்வ் வங்கியே. 2024 ஏப்ரல் 29 சுற்றறிக்கையில், தன் ஆய்வில் கண்டதை அது பட்டியலிட்டது. பணம் கைக்கு வருவதற்கு முன், கடன் அனுமதியான தேதியிலிருந்தே வட்டி போடுகிறார்கள். மாத நடுவில் வாங்கிய, மாத நடுவில் அடைத்த கடனுக்கும் முழு மாத வட்டி போடுகிறார்கள். ஒன்றிரண்டு தவணையை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு, பிடித்ததற்கும் சேர்த்து முழுத் தொகைக்கு வட்டி போடுகிறார்கள். கூடுதலாக வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி உத்தரவும் போட்டது. நம் தண்டல் அட்டையிலும் அடகு ரசீதிலும் பார்த்த அதே வித்தைகள், கண்ணாடி அறைக்குள்ளும் நடந்திருக்கின்றன.

இதற்கு ஒரு மருந்தும் அந்த ஏப்ரலிலேயே வந்தது. 2024 அக்டோபர் 1 முதல், வங்கியும் நிதி நிறுவனமும் சில்லறைக் கடன் கொடுக்கும் முன் முக்கியத் தகவல் அறிக்கை ஒன்றைக் கொடுத்தே ஆக வேண்டும். வட்டி, பிராசஸிங் கட்டணம், இன்ஷூரன்ஸ் எல்லாவற்றையும் சேர்த்து ஆண்டுக்கு மொத்தம் எத்தனை சதவீதம் என்று ஒரே எண்ணாக அதில் இருக்க வேண்டும். கடன் வாங்குகிறவருக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும். புரியவில்லை என்றால் தமிழில் கேளுங்கள். அது சலுகை இல்லை, உங்கள் உரிமை.

வட்டியைச் சேர்த்துப் புதுப் பத்திரம் எழுதும் பழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு லட்சம், மூன்று வட்டி. மூன்று ஆண்டில் தனிவட்டி 1,08,000. ஒவ்வொரு ஆண்டு முடிவிலும் கட்டாத வட்டியை அசலோடு சேர்த்துப் பத்திரத்தை மாற்றினால் வட்டி மட்டும் 1,51,500 தாண்டிவிடும். ‘பத்திரத்தை மாத்திக்கலாம் வாங்க’ என்று யாராவது அன்பாகக் கூப்பிட்டால், தனிவட்டி கூட்டு வட்டியாக மாறப் போகிறது என்று அர்த்தம். அப்படி மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், பழைய பத்திரத்தைக் கையில் வாங்கிக் கிழிக்காமல் புதியதில் கையெழுத்துப் போடாதீர்கள்.

நம் பெங்களூரில் இன்னொரு கடனும் இருக்கிறது. அதைக் கடன் என்று நாம் நினைப்பதே இல்லை. லீசுக்கு வீடு எடுப்பது. தமிழ்நாட்டில் ஒத்தி, போக்கியம் என்பார்கள். எட்டு லட்சம் கொடுத்து மூன்று ஆண்டு வாடகையில்லாமல் இருக்கலாம். காலி செய்யும்போது எட்டு லட்சமும் திரும்பி வரும். இங்கே கடன் கொடுத்தவர் குடியிருப்பவர், கடன் வாங்கியவர் வீட்டுக்காரர். பக்கத்தில் அதே அளவு வீட்டுக்கு வாடகை 12,000 என்றால் ஆண்டுக்கு 1,44,000. எட்டு லட்சத்துக்கு அது 18 சதவீதத் தனிவட்டி. சொந்தச் சேமிப்பிலிருந்து கொடுக்க முடிந்தால் கணக்கு குடியிருப்பவருக்குச் சாதகம்தான். ஆனால் அந்த எட்டு லட்சத்தையே இரண்டு வட்டிக்குப் புரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மாதம் 16,000 வட்டி கட்டி, 12,000 வாடகையை மிச்சம் பிடிக்கிறார்கள்! மாதம் 4,000 வீதம் மூன்று ஆண்டில் 1,44,000 நஷ்டம். வாடகை கொடுக்காமல் இருக்கிறோம் என்ற பெருமை மட்டும் மிச்சம்.

லீசில் வட்டியைவிடப் பெரிய பயம் அசல். வீட்டின் மேல் ஏற்கெனவே வங்கிக் கடன் இருந்து, உரிமையாளர் கட்டாமல் விட்டால், ஏல நோட்டீஸ் வாசலில் ஒட்டப்படும்போதுதான் குடியிருப்பவருக்கு விஷயம் தெரிகிறது. வில்லங்கச் சான்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்பது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். பதினொரு மாத ஒப்பந்தம் போதும் என்று தரகர் சொல்வது அவருக்குச் சுலபம். உங்கள் எட்டு லட்சத்துக்கு அது காவல் இல்லை.

பூக்கார அம்மாவுக்கு வேறு வழியே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. தெரு வியாபாரிகளைக் கடும் வட்டியிலிருந்து விடுவிக்கவே 2018இல் கர்நாடக அரசு ‘படவர பந்து’ திட்டத்தைத் தொடங்கியது. கூட்டுறவு வங்கிகள் வழியாக 10,000 ரூபாய் வரை வட்டியில்லாக் கடன் அதில் கிடைத்தது. 2020 ஜூனில் மத்திய அரசின் பி.எம். ஸ்வநிதி வந்தது. முதல் கடன் 10,000ஆக இருந்ததை 2025 ஆகஸ்டில் 15,000ஆக உயர்த்தி, திட்டத்தையும் 2030 மார்ச் வரை நீட்டித்தார்கள். தவறாமல் கட்டினால் 7 சதவீத வட்டி மானியம் உண்டு. பத்தாயிரம் ரூபாயை ஓராண்டு மாதத் தவணையில், நிலுவைக்கு மட்டும் 12 சதவீத வட்டியோடு கட்டினால் மொத்த வட்டி சுமார் 660 ரூபாய். அதே ஓராண்டைத் தண்டலில் ஓட்டினால் மூன்று அட்டை முடிந்து நான்காவது பாதி தாண்டியிருக்கும்; வட்டி 5,000 தாண்டியிருக்கும். வித்தியாசப் பணத்தில் ஒரு பிள்ளைக்கு யூனிஃபார்மும் ஷூவும் வாங்கிவிடலாம். அடையாள அட்டை, ஆதார், வங்கிக் கணக்கு இவற்றோடு அலைய வேண்டியிருக்கும், உண்மைதான். படித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அந்த அலைச்சலில் பாதியை அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். இந்தக் கடிதம் எழுதிய மாணவியை அதற்காகவே கேட்டுக்கொள்கிறேன்.

வங்கியோ நிதி நிறுவனமோ போட்ட வட்டியில் சந்தேகம் இருந்தால் முதலில் அவர்களிடமே எழுத்தில் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

அடுத்த இதழிலிருந்து இரண்டு பக்கங்களை உங்கள் கடன் கணக்குகளுக்காக ஒதுக்குகிறோம். தண்டல் அட்டை, அடகு ரசீது, குழுக் கடன் பாஸ்புக், லீஸ் ஒப்பந்தம் எதுவானாலும், பெயரையும் எண்ணையும் மறைத்துவிட்டு நகல் அனுப்புங்கள். கைக்கு வந்த தொகை எவ்வளவு, எந்தத் தேதியில் எவ்வளவு கட்டினீர்கள் என்று தனித்தாளில் எழுதுங்கள். ஆண்டுக்கு எத்தனை சதவீதம் என்று நாங்கள் போட்டுத் தருகிறோம். இந்த மாதம் 20ஆம் தேதிக்குள் வந்து சேரும் கணக்குகள் அடுத்த இதழிலேயே வெளியாகும்.

அன்புடன்,
ஆசிரியர்